கழிக்கரையில் மாடி வீடு

ஏரி உள்வாயில் பயிரிட்டவன் வெள்ளத்தைக் குறை சொல்ல இயலாதென்பதை விவசாய அங்கத்தினர்கள் நன்கு அறிவர். சென்னையில் வீடு வாங்க எண்ணும் அன்பர்களும் இதனை நினைவிற்கொள்வது நலம்.

அடையாறு கடலோடு சேருமிடத்தில் ஓர் உப்பங்கழி வடக்கே கிளைத்து, குயிபிள் தீவைச் சுற்றிக் கிடக்கின்றது. கடலேற்றத்தில் நிறைந்து இறக்கத்தில் வடியும் இக்கழி, மழைக்காலத்தில் வெள்ளநீருக்கும் இடங்கொடுப்பது. கோடையில் காண்பவருக்கோ வெறும் சேற்றுத் தரை! அதில் 58 ஏக்கர் 2011-இல் பூங்காவாகித் தப்பியது. சுற்றிலும் உள்ள கரைநிலங்களுக்குத்தான் போட்டி.

முழுமைத் திட்டத்தில் குறித்த நில வகையை மாற்ற 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு இடந்தருகின்றது. கழியோரக் கட்டுப்பாட்டு எல்லையும் 2011 அறிவிக்கையில் 100 மீட்டராக இருந்து, 2019 அறிவிக்கையில் 50 ஆயிற்று. கழியின் அகலம் அதனினும் குறைவாயின் அவ்வகலமே எல்லை. ஐந்தாறு மாடிகள் எழும்ப இவ்விரண்டு வழிகளும் போதும். ஆனால் 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டபோது, ஆற்றோரக் கோட்டூர்புரத்துக் குடியிருப்புகளின் கீழ்த்தளங்கள் மூழ்கின.

ஆகவே, முன்பணம் கொடுக்குமுன் கடற்கரை மண்டலத் திட்டப் படத்தில் அம்மனைக்கும் ஏற்றநீர்க் கோட்டிற்கும் உள்ள தூரத்தைக் காட்டுமாறு கேளுங்கள். விற்பவர் தயங்கினால் பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.