உழைக்கும் கைகளைப் பிரித்தது யார்?

"பாலஸ்தீனத்திலே நடப்பது மதச் சண்டை" என்கிறார்கள். "யூதருக்கும் முஸ்லிமுக்கும் ஆதிகாலம் தொட்டுத் தீராத பகை; அதற்கு யார் என்ன செய்ய முடியும்?" என்று கையை விரிக்கிறார்கள். வேத நூல்களைப் புரட்டி விளக்கம் சொல்வோரும் உண்டு.

மதச் சண்டை என்றால், 1948இல் வீடு வாசலை இழந்து வெளியேறியவர்களிலே கிறிஸ்தவ அராபியரும் பல்லாயிரவர் இருந்தார்களே, அது ஏன்? யூத நாட்டிலேயே மொராக்கோவிலிருந்து வந்த யூதன் குடிசையிலும், ஐரோப்பாவிலிருந்து வந்த யூதன் நல்ல வீட்டிலும் குடியேறினார்களே, அது எந்த வேதத்தின் கட்டளை?

தோழர்களே! வேத நூல்களைச் சற்றே மூடி வைப்போம். வேறு இரண்டு ஏடுகளைப் பிரித்துப் பார்ப்போம். ஒன்று, நிலத்தின் பத்திரப் பதிவேடு. மற்றொன்று, ஆலையின் கூலிப் பதிவேடு. பகை எங்கே முளைத்தது, யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்பது அங்கே தெரியும்.

உழுதவன் ஒருவன், விற்றவன் ஒருவன்

பாலஸ்தீனம் துருக்கி சுல்தானின் ஆட்சியில் இருந்த காலம். 1858இல் ஒரு நிலச் சட்டம் வந்தது. நிலத்தை அவரவர் பெயரில் பதிவு செய்யுங்கள் என்றது சட்டம். பதிவு செய்தால் வரி கேட்பார்கள், பட்டாளத்துக்கு ஆள் பிடிப்பார்கள் என்று அஞ்சினான் குடியானவன். விளைவு என்ன? பாட்டன் காலந்தொட்டு உழுத நிலம், நகரத்துச் செல்வரின் பெயரிலும் கடன் கொடுத்தவனின் பெயரிலும் ஏறிவிட்டது. குடியானவன் தன் நிலத்திலேயே குத்தகைக்காரன் ஆனான்.

அந்தச் செல்வர்களில் ஒரு குடும்பம் பெய்ரூட் நகரத்து சுர்சோக் குடும்பம். மர்ஜ் இப்னு ஆமிர் என்ற செழிப்பான சமவெளியில் பெரும்பகுதி அவர்கள் பெயரில் இருந்தது. 1920களின் முற்பகுதியில் அந்த நிலத்தை யூதக் குடியேற்ற நிறுவனங்களுக்கு விற்றுவிட்டார்கள். பணம் பெய்ரூட்டுக்குப் போயிற்று. ஏறக்குறைய இருபது சிற்றூர்களின் குடியானவர்கள் வீதிக்குப் போனார்கள். அவர்களை யார் கேட்டார்கள்? விற்றவனும் கேட்கவில்லை, வாங்கியவனும் கேட்கவில்லை, பத்திரத்துக்கு முத்திரை குத்திய வெள்ளைக்கார அதிகாரியும் கேட்கவில்லை.

பண்ணை கைமாறினால் குத்தகைக்காரன் புதுப் பண்ணையாரிடம் உழுது பிழைப்பான் என்பது உலக வழக்கம். இங்கே அதற்கும் வழியில்லை. 1901இல் தொடங்கப்பட்ட யூத தேசிய நிதி, தன் நிலத்தைக் குத்தகைக்கு விடும்போது யூதரல்லாதாரை வேலைக்கு வைக்கலாகாது என்று நிபந்தனை விதித்தது. உழுதவன் குடியானவனாகவும் இருக்க முடியாது, கூலியாகவும் இருக்க முடியாது. அவன் ஹைஃபா நகரத்துக்கு நடந்தான். தகரக் கொட்டகை போட்டுக் கொண்டு துறைமுகத்திலே மூட்டை தூக்கினான்.

சங்கமா? முதலாளியா?

வந்து இறங்கிய யூதத் தொழிலாளியும் ஏழைதான். ருஷ்யாவிலும் போலந்திலும் கலகக்காரர்களின் கத்திக்குத் தப்பி வந்தவன் அவன். பின்னாளில் ஹிட்லரின் கொலைக்களத்திலிருந்து உயிர் பிழைத்து வந்தவனும் அவனே. அவன் துயரத்தை எள்ளி நகையாடுபவன் தொழிலாளி வர்க்கத்தின் நண்பனல்ல.

அவன் வந்த இடத்தில் கண்டதென்ன? யூதத் தோட்ட முதலாளி, குறைந்த கூலிக்குக் கிடைக்கும் அராபியக் கூலியையே விரும்பினான். முதலாளிக்கு லாபந்தானே மதம்! இந்த நிலையில் சங்கம் செய்ய வேண்டியது என்ன? அராபியனையும் சங்கத்தில் சேர்த்து, அவன் கூலியையும் உயர்த்தக் கோரியிருக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் மலிவுக் கூலி என்ற ஆயுதமே முதலாளியின் கையில் இருந்திருக்காது.

1920இல் ஹைஃபாவில் பிறந்த ஹிஸ்தத்ருத் என்ற தொழிலாளர் சம்மேளனம் வேறு வழியில் நடந்தது. "எபிரேய உழைப்பு" என்று கோஷம் எழுப்பியது. யூத வேலையிடங்களிலிருந்து அராபியரை விலக்கக் கோரி மறியல் நடத்தியது. அதுமட்டுமா? சங்கமே வங்கி வைத்தது. சங்கமே கட்டட ஒப்பந்தம் எடுத்தது. சங்கமே ஆஸ்பத்திரி நடத்தியது. தொழிலாளியின் சங்கமும் தொழிலாளியின் முதலாளியும் ஒரே கூரையின் கீழ்! பென் குரியன் அதன் பொதுச் செயலாளர் நாற்காலியில் அமர்ந்து, பின்னர் நாட்டின் பிரதமர் நாற்காலிக்கு நடந்தார். அராபியர் முழு உறுப்பினராகச் சேர முடிந்தது 1959இல்தான்.

அராபியர் தரப்பிலும் கதை வேறல்ல. 1936 ஏப்ரலில் தொடங்கிய பொது வேலை நிறுத்தம் ஆறு மாதம் நீடித்தது. பட்டினி கிடந்தவன் யார்? யாஃபா துறைமுகத்துத் தொழிலாளி. அவன் கப்பலை நிறுத்தினான். உடனே பக்கத்திலேயே டெல் அவீவில் புதிய துறை கட்டப்பட்டது. அக்டோபரில் அரபு மன்னர்கள் வேண்டுகோள் விடுத்தார்கள். வேலை நிறுத்தம் கைவிடப்பட்டது. ஆரஞ்சு அறுவடை நெருங்கிய நேரம் அது என்பதைத் தோட்டக்காரர்கள் மறக்கவில்லை.

பின்னர் கிராமத்துக் குடியானவன் துப்பாக்கி ஏந்தினான். 1938இல் கலகக்காரர்கள் கடன் வசூலை நிறுத்தச் சொன்னார்கள். நகரத்து வீட்டு வாடகையை ரத்து என்றார்கள். பிரபுக்களின் சிவப்புக் குல்லாயைக் கழற்றிவிட்டுக் குடியானவனின் தலைத்துணியைக் கட்டச் சொன்னார்கள். அப்போது செல்வர்கள் பலர் என்ன செய்தார்கள்? பெட்டியைக் கட்டிக் கொண்டு வெளிநாடு போனார்கள்!

இருபது மாத இடைவெளி

இப்போது நெஞ்சைப் பிளக்கும் ஒரு செய்தி.

1946 ஏப்ரல். டெல் அவீவ் தபால் ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். யூதரும் அராபியரும் ஒன்றாக நின்றார்கள். தந்தி ஊழியர், ரயில்வே ஊழியர், அரசாங்க அலுவலகத்துச் சிப்பந்திகள் என்று ஒவ்வொரு பிரிவாகச் சேர்ந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர், ஏறத்தாழ இரண்டு வாரம்! ரயில் ஓடவில்லை, தபால் போகவில்லை. பிரிட்டிஷ் சர்க்கார் இறங்கி வந்தது. ஊதியத்திலும் பஞ்சப்படியிலும் வெற்றி கிடைத்தது. வெள்ளையனை எதிர்த்து இரு இனமும் தோளோடு தோள் நின்ற காட்சியை அந்த நாடு கண்டது.

1947 டிசம்பர் 30. ஏறத்தாழ இருபது மாதம் கழித்து, ஹைஃபா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. அந்நிய எண்ணெய்க் கம்பெனிகளின் ஆலை. உள்ளே யூதரும் அராபியரும் ஒன்றாக வேலை பார்த்தார்கள். வாசலில் தினக்கூலி வேலைக்காக அராபியர் வரிசையில் காத்து நின்றார்கள். இர்குன் என்ற யூத ஆயுதக் குழு அந்தக் கூட்டத்தின் மீது குண்டுகளை வீசியது. ஆறு பேர் மாண்டார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். செய்தி உள்ளே பரவியது. அராபியத் தொழிலாளர்கள் வெறி கொண்டு, தங்களோடு வேலை பார்த்த யூதர்கள் 39 பேரை அடித்துக் கொன்றார்கள். மறுநாள் இரவு யூதப் படை, ஆலைத் தொழிலாளர் பலர் குடியிருந்த பலத் அல்-ஷேக் கிராமத்தில் புகுந்தது. வீடுகளில் இருந்தவர்களைச் சுட்டது. பலர் மாண்டனர்.

குண்டு விழுந்தது கம்பெனி டைரக்டரின் மாளிகையிலா? இல்லை. அன்றாடங் காய்ச்சிகளின் வரிசையில். பழி வாங்கப்பட்டது யார் மீது? பக்கத்து இயந்திரத்தில் நின்றவன் மீது.

"இருபது மாதத்துக்கு முன் ஒன்றாய் நின்றவர்கள் எப்படி இப்படி ஆனார்கள்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1946இல் அவர்கள் ஊதியத்தைப் பற்றி மட்டும் ஒன்றுபட்டார்கள். இந்த நாடு யாருக்கு, இந்த நிலம் யாருக்கு, வெளியேற்றப்பட்ட குடியானவனுக்கு நியாயம் என்ன என்ற கேள்விகளைப் பேசாமல் விட்டார்கள். பேசாமல் விட்ட கேள்விக்கு வெடிகுண்டு பதில் சொல்லியது. ஊதிய ஒற்றுமை பெரிது. சம உரிமை என்ற அடித்தளம் இல்லாவிட்டால் அது ஒரே குண்டில் சரியும். இதுதான் ஹைஃபா ஆலை வாசல் சொல்லும் பாடம்.

ஏழையின் வீட்டில் ஏழை

1948இல் ஏறத்தாழ 7 இலட்சம் பாலஸ்தீனர் துரத்தப்பட்டார்கள், அல்லது உயிருக்கு அஞ்சி ஓடினார்கள். செல்வர் பலர் முன்கூட்டியே பெய்ரூட்டுக்கும் கெய்ரோவுக்கும் போய்விட்டனர். ஏழை கூடாரத்துக்குப் போனான். நாட்டுக்குள்ளே எஞ்சிய அராபியர் 1966 வரை ராணுவ ஆட்சியின் கீழ், வேலைக்குப் போகவும் சீட்டு வாங்கி வாழ்ந்தார்கள்.

அராபியர் காலி செய்த ஹைஃபாவின் வாதி சலீப் பகுதியில் யாரைக் குடியேற்றினார்கள்? மொராக்கோவிலிருந்து வந்த ஏழை யூதர்களை. நெரிசல், வேலையின்மை, ஏளனம். 1959 ஜூலையில் அவர்கள் கலகம் செய்தார்கள். ஓர் ஏழையை விரட்டிய வீட்டில் இன்னோர் ஏழையை அடைத்து வைத்த கொடுமைக்கு வாதி சலீப் சாட்சி.

1967 போருக்குப் பின் காஸாவும் மேற்குக் கரையும் இஸ்ரேலின் பிடிக்குள் வந்தன. கொத்தனாராக, சித்தாளாக, தோட்டக் கூலியாக, 1980களின் பிற்பகுதியில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர் விடியற்காலையில் எல்லை கடந்து போனார்கள். சம்பளத்தில் பிடித்தம் உண்டு. அந்தப் பிடித்தத்துக்குரிய முழு உரிமை இல்லை. 1987 டிசம்பர் 8இல் வேலை முடிந்து திரும்பிய தொழிலாளர் நால்வர் இஸ்ரேலிய லாரி மோதி மாண்டபோதுதான் ஜபாலியா முகாமில் முதல் இன்டிபாடா மூண்டது. 1990 மே 20இல் ரிஷோன் லெட்சியோனில் வேலைக்காகக் காத்து நின்ற தொழிலாளர் எழுவரை ஓர் இஸ்ரேலியன் சுட்டுக் கொன்றான். மறுபடியும் கூலி வரிசை, மறுபடியும் இரத்தம்!

கங்காணியும் கான்ட்ராக்டரும்

1994இல் பாலஸ்தீன அதிகார சபை வந்தது. கொடி கிடைத்தது, சுங்க வரியை வசூலிக்கும் கை இஸ்ரேலின் கையாகவே இருந்தது. நடுவில் சிலர் செழித்தார்கள். பாலஸ்தீனத்துக்கென எகிப்திலிருந்து வந்த சிமெண்டு, சில வியாபாரிகள் மூலம் இஸ்ரேலியக் கான்ட்ராக்டர்களுக்குப் போயிற்று என்பதை 2004இல் பாலஸ்தீனச் சட்டமன்றமே விசாரித்தது. 2016இல் பாலஸ்தீன ஆசிரியர்கள் ஊதியம் கேட்டு வேலை நிறுத்தம் செய்தபோது, ரமல்லாவுக்கு அவர்கள் வராதபடி சாலையில் தடை போட்டது யார்? அதிகார சபையின் போலீசே! தேசக் கொடியின் கீழும் வர்க்கம் இருக்கிறது, தோழர்களே.

இஸ்ரேலுக்குள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. சங்கம் என்று வாய் திறந்தால் சீட்டு போய்விடும். அந்தச் சீட்டை மாதம் 2,000 முதல் 2,500 ஷெக்கெல் வரை விலை வைத்து விற்கும் தரகர் கூட்டம் முளைத்தது. தேயிலைத் தோட்டக் கங்காணியைக் கேள்விப்பட்ட நமக்கு இவனை அடையாளம் காட்ட வேண்டியதில்லை.

ஆயினும் இருட்டிலும் விளக்குகள் உண்டு. டெல் அவீவைச் சேர்ந்த கவ் லாஓவேத் என்ற தொழிலாளர் உரிமை அமைப்பு பாலஸ்தீனத் தொழிலாளருக்காக வழக்காடியது. குடியேற்றப் பகுதிகளில் வேலை செய்யும் பாலஸ்தீனருக்கும் இஸ்ரேலியத் தொழிலாளர் சட்டமே பொருந்தும் என்று 2007இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யூதனும் அராபியனும் சேர்ந்து நின்றால் கதவு திறக்கும் என்பதற்கு அது ஒரு சான்று.

நம் வீட்டு வாசலில் வந்த கேள்வி

2023 அக்டோபர் 7இல் ஹமாஸ் தலைமையில் நடந்த தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர்; 251 பேர் கடத்தப்பட்டனர். மாண்டவர்களில் 30க்கும் மேற்பட்ட தாய்லாந்துத் தோட்டத் தொழிலாளரும் உண்டு. நிராயுதபாணிகளைக் கொல்வது எந்த விடுதலையின் பெயராலும் நியாயமாகாது. அதன் பின் காஸா மீது பொழிந்த குண்டுகளுக்கு, 2025 அக்டோபர் போர் நிறுத்தத்தின்போது, காஸா சுகாதார அமைச்சின் கணக்குப்படி 67,000க்கும் மேற்பட்டோர் பலியாகியிருந்தனர். பச்சிளங் குழந்தைகளைக் கொன்று குவித்ததற்கும் எந்தப் பாதுகாப்பின் பெயராலும் நியாயம் இல்லை.

போர் தொடங்கியதும் காஸாவின் ஏறத்தாழ 18,000 தொழிலாளரின் சீட்டு ரத்தாயிற்று. மேற்குக் கரையின் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். இஸ்ரேலில் கட்டடங்கள் பாதியில் நின்றன. அந்தச் சாரத்தில் ஏற ஆள் தேடிக் கான்ட்ராக்டர்கள் எங்கே வந்தார்கள்? நம் நாட்டுக்கு! 2024 ஜனவரியில் அரியானாவின் ரோத்தக்கில் வரிசை நின்றது. மாதம் சுமார் 1,37,000 ரூபாய் என்று ஆசை காட்டினார்கள். இலங்கையிலிருந்தும் விவசாயக் கூலிகள் போனார்கள். 2024 மார்ச்சில் லெபனான் எல்லையருகே ஏவுகணை விழுந்து கேரளத் தொழிலாளி ஒருவர் மாண்டார்.

போனவனை நாம் ஏசமாட்டோம். சொந்த ஊரில் வேலையில்லாதவன், அடுப்பெரிய வழி தேடிப் போகிறான். வரிசையில் நிற்கும் ஏழை குற்றவாளியல்ல. அவனை வரிசையில் நிறுத்தியவனே குற்றவாளி. ஆனால் ஒருவனைப் பட்டினி போட்டுவிட்டு அவன் இடத்துக்கு இன்னொருவனை அழைப்பதற்கு நம் தொழிற்சங்க அகராதியில் பெயர் உண்டு. அந்தப் பெயர் கருங்காலி. நம் தொழிலாளியைக் கருங்காலி ஆக்கும் ஏற்பாட்டை இந்தியத் தொழிற்சங்கங்கள் 2023 நவம்பரிலேயே கூட்டாக எதிர்த்தன. 2024 பிப்ரவரியில் துறைமுகத் தொழிலாளர் சம்மேளனம் இன்னும் ஒரு படி சென்று, இஸ்ரேலுக்குப் போகும் ஆயுதச் சரக்கை ஏற்றவும் மாட்டோம், இறக்கவும் மாட்டோம் என்று அறிவித்தது. மூட்டை தூக்கும் கை, எதைத் தூக்க மாட்டேன் என்று சொல்லவும் வல்லது!

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். நிலத்தை விற்றவன் கொண்டாடினான். எண்ணெய் எடுத்தவன் கொண்டாடினான். சீட்டு விற்றவனும் ஆயுதம் விற்றவனும் கொண்டாடுகிறார்கள். திண்டாடுபவன் எப்போதும் வாசலில் வரிசை நிற்பவனே.

"தொழிலாளர் ஒன்றுபட்டால் எல்லாம் தீரும்" என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போக நாம் வரவில்லை. ஒருவன் காலடியில் இன்னொருவன் கிடக்கும்போது இருவரும் கை குலுக்க முடியாது. பாலஸ்தீனன் எழுந்து நிற்க வேண்டும். அவனுக்கு மண்ணும் வாக்குரிமையும் நடமாடும் உரிமையும் வேண்டும். இஸ்ரேலியத் தொழிலாளி அதைத் தன் கோரிக்கையாகக் கேட்க வேண்டும். அன்றுதான் 1946இன் அந்த இரண்டு வாரம் இரண்டு தலைமுறையாக நீளும்.

அதுவரை, இந்தச் செய்தியை மதச் சண்டை என்று எவனாவது டீக்கடையில் சொன்னால், தோழர்களே, ஹைஃபா ஆலை வாசலை அவனுக்கு நினைவூட்டுங்கள்!