வெறுப்பின் நூலகம் – 14: முரசு கொட்டலாம், வாள் ஏந்தக் கூடாது

பெங்களூரின் வைட்ஃபீல்டுக்கு அந்தப் பெயர் வரக் காரணமானவர் டி.எஸ். ஒயிட். ஆங்கிலோ-இந்தியர்களுக்காகச் சங்கம் நடத்தியவர். 1882-இல் மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார் அளித்த சுமார் 3,900 ஏக்கரில் அவர்களுக்கென எழுந்த குடியிருப்புகளில் ஒன்று இது. அரசாங்க உத்தியோகத்தை நம்பிக் காத்திராமல் உழுது பிழைக்கட்டும் என்பது நோக்கம். மென்பொருள் வளாகங்களுக்கு நடுவே 'இன்னர் சர்க்கிள்' என்ற பழைய வட்டம் இன்றும் இருக்கிறது.

தந்தைவழியில் ஐரோப்பியரான ஒரு சமூகம் பிரிட்டிஷ் ஆட்சியிலேயே ஒதுங்க இடம் தேடியது ஏன்? பிறப்பை வைத்து மனிதரை அளப்பது பற்றிச் சென்ற வாரமே பேசியாயிற்று. சாதி அடிமைத்தனத்தைச் சாடிய ஃபுலேயின் 'குலாம்கிரி' நூல் நினைவிருக்கும். அதே அளவுகோல் இங்கே ரத்தத்தின் மேல் வைக்கப்பட்டது.

முதலில் படிக்க வேண்டியது ஹெர்பர்ட் அலிக் ஸ்டார்க் எழுதிய 'ஹாஸ்டேஜஸ் டு இந்தியா' (1926). கிழக்கிந்தியக் கம்பெனி அடுத்தடுத்துப் போட்ட மூன்று தடைகளை அது விவரிக்கிறது. 1786-இல் கல்கத்தா அனாதைப் பள்ளிப் பிள்ளைகள் படிப்புக்காக இங்கிலாந்து செல்வது நின்றது. 1791-இல் இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களுக்குக் கம்பெனியின் சிவில், ராணுவ, கடற்பணிகள் மூடப்பட்டன. மூன்றாவது தடைதான் நெஞ்சில் தைப்பது. தாய், தந்தை இருவரில் ஒருவராவது ஐரோப்பியராக இல்லாதவர் குழலூதலாம், முரசு கொட்டலாம், பேண்டு வாசிக்கலாம், குதிரைக்கு லாடம் அடிக்கலாம். படையில் வேறு வேலைக்கு ஆகார் என்றது 1795-ஆம் ஆண்டு உத்தரவு. முரசுக்காரனும் போர்க்களத்துக்குப் போகிறவன்தான். குண்டு அவனையும் துளைக்கும். ஆபத்தில் அவனுக்குப் பங்கு உண்டு, அதிகாரத்தில் கிடையாது.

இந்தத் தடைகளால் கம்பெனிப் படையில் இடம் கிடைக்காதவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஸ்கின்னர். தந்தை ஸ்காட்லாந்துக்காரர், தாய் ராஜபுத்திரப் பெண். அவர் மராத்தியரான சிந்தியாவின் படையில் சேர்ந்தார். 1803-இல் ஆங்கிலேயரோடு போர் மூண்டதும் மராத்தியர் தரப்பும் அவரை விலக்கியது. அதன்பின் கம்பெனிக்காக அவர் திரட்டிய குதிரைப்படை 'ஸ்கின்னர்ஸ் ஹார்ஸ்'. இந்திய ராணுவத்தில் அந்தப் படைப்பிரிவு இன்றும் உண்டு. லாடம் அடிக்க மட்டுமே லாயக்கு என்று எழுதப்பட்ட பிறப்பில் வந்தவரின் பெயரை ஒரு குதிரைப்படை சுமக்கிறது.

இரண்டாவது நூல் செட்ரிக் டோவரின் 'ஹாஃப்-காஸ்ட்' (1937). டோவர் கல்கத்தாவில் 1904-இல் பிறந்த ஆங்கிலோ-இந்தியர், பூச்சியியல் அறிந்தவர். கலப்பற்ற இனம் என்று உலகில் எதுவுமில்லை என்பது அவர் வாதம். வசைச்சொல்லையே நூலின் பெயராக்கிய அவர், தம் சமூகத்தின் குறையை உலகெங்கும் கலப்பினத்தார் படும் பாட்டோடு இணைத்தார். பின்னாளில் 'அமெரிக்கன் நீக்ரோ ஆர்ட்' (1960) என்ற நூலையும் எழுதினார்.

ஃபிராங்க் ஆன்டனியின் 'பிரிட்டன்ஸ் பிட்ரேயல் இன் இண்டியா' (1969) மூன்றாவது. சமூகத் தலைவரின் வழக்குரை அது. கோபமே அதன் வலு. ஆனால் வெள்ளையர் இழைத்த துரோகத்தை அறிய உதவும் அளவுக்கு, அந்தச் சமூகத்துக்குள்ளேயே நிலவிய நிற ஏற்றத்தாழ்வை அறிய அது உதவாது. அதனால் டோவரைப் படித்த பிறகே ஆன்டனியிடம் வருவது நல்லது. புறக்கணிக்கப்பட்டவர் தமக்குக் கீழே இன்னொருவரைத் தேடும்போதுதான் பாகுபாடு அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

இந்த வாரத்துக்கென்று அறிவித்திருந்த ஆலன் சீலியின் நாவல் 'த டிராட்டர்-நாமா' (1988) அடுத்த வாரம்.