பிறர் நாவில் வாழ்ந்த பாட்டுகள்

பழைய சினிமாப் பாட்டொன்று வானொலியில் வரும்போது, "இது யார் பாட்டு?" என்று வீட்டுக் குழந்தைகள் கேட்டால் நாம் என்ன விடை சொல்கிறோம்? "சிவாஜி பாட்டு" என்கிறோம். சற்று விவரம் தெரிந்தவராயின் "டி. எம். சௌந்தரராஜன் பாட்டு" என்கிறோம். திரையில் வாயசைத்தவருக்கும், மறைவில் நின்று பாடியவருக்கும் பாட்டை உரிமையாக்கிவிட்டு, எழுதியவரை மறப்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். அவ்வாறன்று என்பதைச் சென்ற மாதம் தற்செயலாக அறிந்துகொண்டோம்.

நாம் குடியிருக்கும் ரயில்வே காலனியில் அடுத்த வீட்டுப் பையன் கிதார் பழகுகிறான். ஒரு மாலை, மெதுவானதும் துயரம் கலந்ததுமான ஓர் ஆங்கிலப் பாட்டை அவன் வாசித்துக்கொண்டிருந்தான். யார் பாட்டென்று வினவினோம். "பீட்டில்ஸ் பாட்டு மாமா, ‘அன்னா’ன்னு பேரு" என்றான். தன் தாத்தா சேர்த்து வைத்திருந்த நெடுந்தட்டையும் எடுத்துக் காட்டினான். 1963-ல் வெளியான அக்குழுவினரின் முதல் நெடுந்தட்டு அது. அதிலுள்ள 14 பாட்டுகளில் எட்டு அவர்களே இயற்றியவை. எஞ்சிய ஆறும் பிறருடையவை. பார்சல் ஆபீஸில் பல ஆண்டுகளாகக் காகிதம் புரட்டி வரும் நமக்கு, எந்தப் பொட்டலத்தைக் கண்டாலும் அனுப்பினவர் யார் என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. தட்டின் நடுவே ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ‘அன்னா’ என்ற பெயரை அடுத்துச் சிறிய எழுத்தில் ‘அலெக்ஸாண்டர்’ என்று இருந்தது.

அந்த அலெக்ஸாண்டர் யார் என்று தேடியதில் கிடைத்தவற்றை நேயர்கள் முன் வைக்கிறோம்.

ஆர்தர் அலெக்ஸாண்டர் 1940-ம் ஆண்டு மே மாதம் 10-ம் தேதி அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலத்தில், ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். டென்னஸி ஆற்றின் கரைகளில் ஃப்ளாரென்ஸ், ஷெஃபீல்டு, மஸில் ஷோல்ஸ் முதலிய சிற்றூர்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் பிரதேசம் அது. தந்தை கிதார் வாசிப்பவர். கறுப்பினத்தாரின் கோயில் இசையோடு, வானொலியில் வந்த வெள்ளையரின் நாட்டுப்புறப் பாட்டுகளையும், மாடு மேய்க்கும் குதிரை வீரர்களின் பாட்டுகளையும் சிறுவர் ஆர்தர் விரும்பிக் கேட்டார். இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் பயன்படும். வாலிபத்தில் ஹோட்டல் ஒன்றில் பெட்டி தூக்கும் பையனாக வேலை பார்த்தார்.

‘ஸோல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆன்மா என்று பொருள். கோயிலில் கடவுளை நோக்கி உருகிப் பாடிய அதே குரலால் கறுப்பினத்தார் காதலையும் பிரிவையும் பாடத் தொடங்கியபோது அவ்விசைக்கு இப்பெயர் அமைந்தது. உருக்கமும் கதறலும் அதற்கு இலக்கணம் என்பர். ஆனால் அலெக்ஸாண்டர் கதறுவதில்லை. அவருடைய தனித்தன்மை அதுவே.

ஃப்ளாரென்ஸ் நகரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில், பாட்டு எழுதும் ஆசையுள்ள இளைஞர் சிலர் கூடுவது வழக்கம். அங்கே பழகிய அலெக்ஸாண்டர் 1960-ல் ‘ஸாலி ஸூ ப்ரௌன்’ என்ற முதல் தட்டை வெளியிட்டார். அது விலை போகவில்லை. மறு வருஷம், புகையிலையும் மிட்டாயும் அடுக்கி வைத்திருந்த பழைய கிடங்கொன்றை ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருந்த ரிக் ஹால் என்பவர், ‘யூ பெட்டர் மூவ் ஆன்’ என்ற அவருடைய பாட்டைப் பதிவு செய்தார். பாடியவர் கறுப்பர், வாத்தியம் வாசித்தவர்கள் அவ்வூர் வெள்ளை இளைஞர்கள். பள்ளியிலும், பேருந்திலும், உணவு விடுதியிலும் இரு நிறத்தாரையும் பிரித்து வைத்திருந்த அலபாமாவில் 1961-ல் இது நடந்தது.

அந்த ஒலி நாடாவை எடுத்துக்கொண்டு ஹால் நாஷ்வில் நகரத்துக்குப் போனார். பல கம்பெனிகள் வேண்டாம் என்றன. டாட் என்னும் கம்பெனி ஏற்றது. 1962-ல் நாடு தழுவிய விற்பனைப் பட்டியலில் பாட்டு 24-ம் இடத்தை எட்டியது. அந்த வருமானத்தைக் கொண்டு ஹால் மஸில் ஷோல்ஸில் புதிய கூடம் கட்டினார். பின்னர் வில்ஸன் பிக்கெட்டும், அரீதா ஃப்ராங்க்ளினும் வந்து பாடிய புகழ்பெற்ற கூடம் அது. ஆனால் அதற்கு அடிக்கல்லான பாட்டுக்காரர் அங்கே தொடரவில்லை; டாட் கம்பெனியார் அவரை நாஷ்விலுக்கு அழைத்து அங்கேயே பாட வைத்தனர்.

இனி அப்பாட்டுகளின் பொருளைச் சற்று ஆராய்வோம். ‘யூ பெட்டர் மூவ் ஆன்’ பாட்டில் ஓர் ஏழை, தன் காதலியின் மேல் கண் வைத்த பணக்காரனிடம் பேசுகிறான். நீ வாங்கித் தரக்கூடியவற்றை என்னால் தர இயலாது, ஆயினும் அவளை விட்டுக்கொடேன், நீ விலகிப் போவது நல்லது என்பது கருத்து. மிரட்டலில்லை, வசையில்லை. ஒரு வீட்டுத் திண்ணையில் இரு ஆடவர் குரலை உயர்த்தாமல் பேசுவது போலிருக்கிறது. ‘அன்னா’வில் நிலைமை தலைகீழ். காதலிக்கு வேறொருவனைப் பிடித்துவிட்டது. அவன் என்னைக் காட்டிலும் உன்னை நேசிக்கிறானாயின் அவனிடமே போ, நான் அணிவித்த மோதிரத்தை மட்டும் திருப்பிக் கொடு என்கிறான் காதலன். ‘கோ ஹோம் கேர்ள்’ என்ற மூன்றாவது பாட்டில், தன் நண்பனுக்கு உரியவள் தன்னை நாடி வந்தபோது, உள்ளம் வேண்டியும் அவளை வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறான்.

மூன்று பாட்டிலும் பேசுகிறவன் ஒருவனே என்று நமக்குத் தோன்றுகிறது. கையில் காசில்லாதவன், மானம் உள்ளவன், இழப்பதாயினும் மரியாதையோடு இழப்பவன். சொற்களோ பள்ளிக்கூடத்துக் குழந்தைக்கும் விளங்கும். இக்காரணத்தால்தான் கடல் கடந்த வெள்ளை வாலிபர்களும் அச்சட்டையை எடுத்து அணிந்துகொள்ள முடிந்தது என்பது நம் அபிப்பிராயம்.

பீட்டில்ஸ் குழுவினர் 1963 பிப்ரவரி 11-ம் தேதி ஒரே நாளில் பத்துப் பாட்டுகளைப் பதிவு செய்தனர். அவற்றுள் ‘அன்னா’ ஒன்று. பாடிய ஜான் லெனனுக்கு அன்று கடுமையான ஜலதோஷம். மூலத்தட்டில் ஃப்ளாய்டு கிரேமர் என்பவர் பியானோவில் இழைத்த சிறு மெட்டை, இவர்கள் கிதாருக்கு மாற்றிக்கொண்டனர். அடுத்த வீட்டுப் பையன் நமக்கு இரண்டையும் மாறி மாறிப் போட்டுக் காட்டினான். லெனன் பாடுவது மனத்தை அறுக்கிறது, ஐயமில்லை. நடுப்பகுதியில் அவர் குரல் உடைந்து எழும்போது, போகாதே என்று அவளைக் கெஞ்சுவது போலவே ஒலிக்கிறது. அலெக்ஸாண்டரோ, உண்மையாகவே விடை கொடுக்கிறார். மோதிரத்தைக் கேட்கும் இடத்தில்கூட அவர் குரல் நடுங்கவில்லை. நாம் எதனைத் தேர்வோம் என்று பையன் கேட்டான். வயதைப் பொறுத்தது என்று சொல்லி வைத்தோம்.

அலெக்ஸாண்டரின் ‘அன்னா’ கறுப்பினத்தாரின் இசைப் பட்டியலில் 10-ம் இடம் பெற்றது. பொதுப் பட்டியலிலோ 68-ம் இடத்தைத் தாண்டவில்லை. பீட்டில்ஸ் தட்டின் மூலம் அது உலகமெங்கும் போயிற்று. அலெக்ஸாண்டரைப் போலப் பாடவே அந்நாளில் விரும்பினோம் என்று பால் மெக்கார்ட்னி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

1964-ம் ஆண்டுத் தொடக்கத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் ‘யூ பெட்டர் மூவ் ஆன்’ பாட்டை இங்கிலாந்தில் வெளியிட்டனர். முரட்டு இசைக்குப் பேர் போனவர்களாயினும் இதை மட்டும் பணிவாகவே பாடியிருக்கின்றனர். 1979-ல் ரை கூடர் ‘கோ ஹோம் கேர்ள்’ பாட்டைப் பாடினார். விலை போகாத அந்த முதல் பாட்டு ‘ஸாலி ஸூ ப்ரௌன்’ 28 ஆண்டுகள் கழித்து, 1988-ல், பாப் டிலனின் தட்டில் இடம் பெற்றது. பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், டிலன் ஆகிய மூவரும் எடுத்துப் பாடிய பாட்டுகளை எழுதியவர் என்று அவரைக் குறிப்பிடுகின்றனர். வெள்ளையரின் நாட்டுப்புறப் பாடகர்களும் அவரை விடவில்லை. ஜார்ஜ் ஜோன்ஸும், ஜானி பேச்செக்கும் ‘யூ பெட்டர் மூவ் ஆன்’ பாட்டைச் சேர்ந்து பாடினர். ஒருவன் தனியே நின்று சொல்ல வேண்டியதை இருவர் சொன்னால் அதன் பலம் குன்றுகிறது என்பது நம் எண்ணம். ஆயினும் அப்பாட்டு அவர்கள் வாயில் அந்நியமாக ஒலிக்கவில்லை. சிறு வயதில் வானொலியில் கேட்டவை அவருடைய மெட்டுக்குள் இருந்தனவன்றோ!

எல்லாவற்றிலும் விசித்திரமானது ‘எவ்ரி டே ஐ ஹாவ் டு க்ரை’ என்ற பாட்டின் கதை. எழுதியவர் அலெக்ஸாண்டர். 1963-ல் ஸ்டீவ் அலைமோ அதைப் பிரபலப்படுத்தினார். அடுத்த ஆண்டு டஸ்டி ஸ்ப்ரிங்ஃபீல்டு பாடினார். 1965-ல் ஆஸ்திரேலியாவில் பீ ஜீஸ் சகோதரர்கள் பாடினர். 1966-ல் ஐக், டீனா டர்னர் தம்பதியர் பாடினர். எழுதியவர் தம் குரலில் அதை வெற்றியாக்கியது 1975-ல்தான். அப்போது 45-ம் இடம் வரை போயிற்று.

மாற்றார் பாட்டைத் தம்முடையதாக்கும் வித்தையும் அவருக்கு உண்டு. அவர் பாடிய ‘ஸோல்ஜர் ஆஃப் லவ்’ வேறு இருவர் எழுதியது. அதையும் பீட்டில்ஸ் எடுத்துப் பாடினர். ‘பர்னிங் லவ்’ என்ற பாட்டை 1972-ல் அலெக்ஸாண்டர் முதலில் பதிவு செய்தார். அதே ஆண்டு எல்விஸ் ப்ரெஸ்லி பாடினார். இரண்டாம் இடத்துக்கு ஏறியது எல்விஸின் தட்டு.

இது நிற்க. பணக் கணக்குக்கு வருவோம். குமாஸ்தாவுக்கு அது இல்லாமல் தூக்கம் வராது. அமெரிக்காவில் 1909-ம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு பாட்டு ஒரு முறை தட்டாக வெளிவந்துவிட்டால், பின்னர் எவரும் அனுமதிக்குக் காத்திராமல் அதைப் பாடி விற்கலாம். பாட்டின் உரிமையாளருக்குத் தட்டு ஒன்றுக்கு 2 சென்ட் கட்டினால் போதும். அந்த 2 சென்ட் 1977 முடியும் வரை மாறவேயில்லை! அதிலும் பதிப்பாளருக்குப் பாதி, எழுதியவருக்குப் பாதி என்பது வழக்கம். பத்து லட்சம் தட்டு விற்றால் எழுதியவர் பங்கு 10,000 டாலர்; கூட எழுதியவர் உண்டெனில் அதிலும் பங்கு. அதுவும் ஒப்பந்தம் சரியாக இருந்து, கணக்கு ஒழுங்காக வந்தால்தான். தமக்கு உரியது தம் கைக்கு வந்து சேரவில்லை என்ற மனக்குறை அலெக்ஸாண்டருக்குக் கடைசி வரை இருந்தது. (நம் நாட்டில் 2012-ல் செய்த சட்டத் திருத்தத்தின்படி, சினிமாவுக்குப் பாட்டெழுதியவரும் மெட்டமைத்தவரும், கொட்டகைக்கு வெளியே அப்பாட்டு ஈட்டும் ராயல்டியில் தமக்குள்ள சமபங்கைத் தம் வாரிசுகளுக்கும், உரிமை வசூலிக்கும் சங்கத்துக்கும் அன்றி வேறெவருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது.)

1970-களின் பிற்பகுதியில் அவர் இசைத்தொழிலை விட்டு விலகினார். ஒஹையோ மாநிலத்தின் க்ளீவ்லாந்து நகரில் சமூகநல நிலையமொன்றின் பேருந்தை ஓட்டினார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இவ்விடத்தில் பெருமூச்சு விடுகின்றனர்: இத்தகைய கலைஞர் பஸ் ஓட்டினாரே! நமக்கு அது உடன்பாடில்லை. வண்டி ஓட்டும் உத்தியோகத்தால் எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. நம் வாசகர் வீடுகளிலும் அவ்வுத்தியோகத்தார் உண்டு. அதில் இழிவு ஏதும் இல்லை. வருந்த வேண்டியது வேறு. அவர் சக்கரத்தைப் பிடித்திருந்த அதே வேளையில், அவருடைய பாட்டுகள் பிறர் குரலில் விற்றுக்கொண்டிருந்தன. அவரோ இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு புதிய நெடுந்தட்டும் பாடவில்லை. சரக்கு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்க, அனுப்பினவர் பெயர் மட்டும் ரசீதிலிருந்து அழிந்துபோயிற்று.

இறுதியில் அவரைத் தேடி வந்தனர். பழைய அலபாமாத் தோழர்களான டான் பென், ஸ்பூனர் ஓல்டம், டானி ஃப்ரிட்ஸ் ஆகியோர் உடனிருக்க, நாஷ்விலில் அவர் மீண்டும் பாடினார். ‘லோன்லி ஜஸ்ட் லைக் மீ’ என்ற அத்தட்டு 1993-ல் வெளிவந்து நற்பெயர் பெற்றது. சில மாதங்கள்கூடச் செல்லவில்லை; ஜூன் மாதம் 9-ம் தேதி, 53-வது வயதில், நாஷ்விலில் இதயக் கோளாறினால் காலமானார். அடுத்த ஆண்டு எல்விஸ் காஸ்டெல்லோ, ராபர்ட் ப்ளான்ட், நிக் லோ முதலிய பலர் ஆளுக்கொரு பாட்டாக அவருடைய பாட்டுகளைப் பாடி, அஞ்சலித் தட்டொன்றை வெளியிட்டனர். அவர் பெயரைப் பெரிய எழுத்தில் அட்டையில் அச்சிட்டிருந்தனர்.

அடுத்த வீட்டுப் பையன் இப்போது ‘அன்னா’வைச் சற்று மெதுவாக வாசிக்கிறான். வரும் ஞாயிறு மாலை சங்கத்து வாசகசாலைக்கு இரண்டு பதிவுகளையும் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். முதலில் எதைப் போட வேண்டும் என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.