50 மீற்றர் நடக்க முடியுமா?

நடக்க வல்லவருக்கு 50 மீற்றர் ஒரு தூரமல்ல. ஏறத்தாழ 55 யார். வரம்பில் நாலு கதை கதைத்து முடியுமுன் கடந்துவிடுவார். நடக்க வலுவற்றவருக்கோ, வெளியே போவதா, வீட்டுக்குள் முடங்குவதா என்பதை அத்தூரமே தீர்மானிக்கிறது. இங்கிலாந்தில் வலுவிழந்தோருக்கான வாகனத் தரிப்பிட அனுமதியிலும் இந்த அளவு முக்கியமானது. அங்கே உறவினர் உள்ள குடும்பங்கள் நம்மிடையே பல. ஆகவே இதனைச் சற்று அறிந்துகொள்வோம்.

1970ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1971இல் செம்மஞ்சள் அட்டையாகத் தொடங்கிய இத்திட்டம், 2000ஆம் ஆண்டில் நீல அட்டையாக மாறியது. அட்டை ஆளுக்கே உரியது, வாகனத்துக்கு அன்று. எனவே சொந்தக் கார் இல்லாதவரும் விண்ணப்பிக்கலாம். மகனின் காரிலும் அயலவரின் காரிலும் அது செல்லும். ஆனால் உரியவரின் பயணத்துக்கன்றிப் பிறர் தம் வசதிக்குப் பயன்படுத்தினால் 1,000 பவுண் வரை தண்டம் விதிக்கப்படலாம்.

யாருக்குக் கிடைக்கும்? பார்வையற்றோராகப் பதிவு பெற்றவர்களுக்கும், அரச உதவிப்பண மதிப்பீட்டில் 50 மீற்றருக்கு மேல் நடக்க இயலாதவர் எனக் கணிக்கப்பட்டவர்களுக்கும் மேலதிக விசாரணையின்றிக் கிடைக்கும். ஏனையோர் தம் நிலையை உள்ளூராட்சி சபைக்கு விளக்க வேண்டும். பாரமான மருத்துவக் கருவிகளை எப்போதும் உடன் கொண்டுசெல்ல வேண்டிய, 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் இடமுண்டு. 2019 ஓகஸ்ட் 30 முதல், மறதிநோய், ஓட்டிசம், கடும் மனப்பதற்றம் போன்ற வெளியே தெரியாத குறைபாடுகளால் பயணம் செய்ய மிகவும் இடர்ப்படுவோரும் சேர்க்கப்பட்டுள்ளனர்.

நோயின் பெயர் மட்டும் தகைமை தராது என்பதை நாம் மனதில் கொள்ள வேண்டும். 'வாதம்' என்று எழுதினால் போதாது. எவ்வளவு தூரத்தில் நோவு தொடங்குகிறது, எத்தனை முறை நிற்க வேண்டியிருக்கிறது, மூச்சு வாங்குகிறதா, விழுந்ததுண்டா என்பனவற்றையே சபை பார்க்கும்.

இங்கேதான் நம்மவர் தவறுகிறோம். யார் கேட்டாலும் "ஏதோ சமாளிக்கிறன்" என்போம். படிவத்திலும் அப்படியே எழுதினால், நடக்கக்கூடியவர் என்றே தீர்மானிப்பார்கள். கூட்டியும் எழுத வேண்டாம், குறைத்தும் எழுத வேண்டாம். மறுக்கப்பட்டால் காரணத்தை அறிந்து, வைத்தியச் சான்றுகளுடன் மீளாய்வு கேட்கலாம்.

உள்ளதை உள்ளபடி சொல்வது இரப்பதன்று. உறவினருக்குக் கடிதம் எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள்.