கேசிங்குடன் வரும் பவர் சப்ளை: இலாபமா, நட்டமா?

கணினி விற்பனையில் ஈடுபட்டுள்ள சிறு வர்த்தகர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. வாப்பாவும் மகனும் கடைக்கு வருகிறார்கள். மகனுக்கு 'கேம்' விளையாடக்கூடிய கணினி வேண்டும். வாப்பாவுக்கு விலை குறைய வேண்டும். புரொசஸரிலோ வீஜீஏ கார்டிலோ கைவைக்க மகன் விடமாட்டான். "நானா, வேற எதிலயாவது குறைக்க ஏலாதா?" என்று வாப்பா கேட்கிறார். அப்போது வெட்டப்படுவது பவர் சப்ளைதான். கேசிங்குடன் வரும் மலிவானதே போதும் என்று முடிவாகிறது.

சில மாதங்களில் அதே கணினி கடைக்குத் திரும்பி வருகிறது. விளையாட்டின் நடுவே நின்றுவிடுகிறது என்பார்கள். சில வேளை மதர்போர்டும் சேர்ந்து எரிந்திருக்கும். மிச்சம் பிடித்த காசு வாடிக்கையாளருடையது. கெட்டுப்போன பெயரோ கடைக்காரருடையது.

எத்தனை வொட் தேவை என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, கணக்குப் பார்க்கலாம். உதாரணமாக, இன்டெல் ஐ5-12400எஃப் புரொசஸர் உச்ச வேகத்தில் 117 வொட் வரை இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 170 வொட். ஏனைய பாகங்களுக்கு 60 வொட் என வைத்தால் மொத்தம் ஏறத்தாழ 350 வொட். கார்ட் கண நேரத்திற்கு இதைவிட அதிகமாகவும் இழுக்கும் என்பதால் 550 வொட் பொருத்தமானது. என்விடியா நிறுவனத்தின் பரிந்துரையும் அதுவே. 750 வொட் வாங்கச் சொல்வது வாடிக்கையாளரின் பணத்தை வீணாக்குவதாகும்.

ஆனால் பெட்டியின் மேலுள்ள பெரிய எழுத்தை நம்பிவிடாதீர்கள். பக்கத்திலுள்ள அட்டவணையில் 12 வோல்ட் வரியைப் பாருங்கள். புரொசஸரும் வீஜீஏ கார்டும் அதிலிருந்தே மின்சாரம் பெறுகின்றன. '500 வொட்' என்று எழுதி, 12 வோல்ட்டில் 20 அம்பியர் மட்டும் தந்தால் அது உண்மையில் 240 வொட்தான். நல்ல 550 வொட் பவர் சப்ளையில் இது 40 அம்பியருக்கு மேல் இருக்கும்.

அடுத்தது '80 பிளஸ்' முத்திரை. இது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் பயன்படுகிறது என்பதற்கான சான்று மட்டுமே. தரத்திற்கு முழு உத்தரவாதம் அல்ல. இருந்தாலும் இலாபம் உண்டு. 300 வொட் தேவைப்படும் கணினிக்கு 85 வீதத் திறனுள்ள பவர் சப்ளை சுவரிலிருந்து 353 வொட் எடுக்கும். 70 வீதத் திறனுள்ளது 429 வொட் எடுக்கும். நாளொன்றுக்கு 4 மணித்தியாலம் விளையாடினால் மாதம் சுமார் 9 அலகு வித்தியாசம். வாப்பாவிடம் சொல்ல வேண்டிய கணக்கு இதுதான்.

மின்னழுத்தம் கூடினாலோ குறுஞ்சுற்று ஏற்பட்டாலோ தானாக நின்றுவிடும் பாதுகாப்பு உள்ளதா என்றும் பாருங்கள். 2022 மார்ச்சில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருளில் மூழ்கியது. மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தால் முதலில் அடிபடுவது பவர் சப்ளையே.

யூபீஎஸ் விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 650 விஏ என்பது 650 வொட் அல்ல. பெரும்பாலும் 400 வொட்டுக்கும் குறைவு. மலிவான யூபீஎஸ்களுடன் சில பவர் சப்ளைகள் ஒத்துப்போவதுமில்லை. கொடுக்குமுன் விளையாட்டை ஓடவிட்டு, யூபீஎஸ்ஸின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

பவர் சப்ளையின் பெயரையும் மாதிரியையும் உத்தரவாதக் காலத்தையும் பற்றுச்சீட்டில் தனியாக எழுதுங்கள். கேசிங் விலைக்குள் அதை மறைக்காதீர்கள். விலை குறைத்தே ஆக வேண்டுமானால் கண்ணாடிக் கேசிங்கையும் வண்ண விளக்குகளையும் குறையுங்கள். அவை இல்லாவிட்டால் எதுவும் எரியாது. இதை வாப்பாவிடம் முதலிலேயே விளக்கிச் சொல்லும் கடைக்குத்தான் அவர் இளைய மகனையும் அழைத்து வருவார்.