ஒரே கை, இரண்டு விலை: ஒரு நட்சத்திர பிட்சரை எப்படி எடை போடுகிறார்கள்?

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரே ஆட்டக்காரருக்கு, ஏழு வருஷ இடைவெளியில், இரண்டு தடவை போடப்பட்ட விலையைப் பற்றிப் பேசப்போறேன். அவர் பெயர் கிறிஸ் சேல். இடது கை பிட்சர்.

2016 டிசம்பரில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அவரை பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு நாலு இளம் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் கியூபாவிலிருந்து வந்த யோவான் மோன்காடா. அன்றைக்கு மைனர் லீக்கில் இருந்த மொத்தப் பேரிலும் முதல் வரிசையில் பேசப்பட்டவர். இன்னொருவர் மைக்கேல் கோபெக். மணிக்கு 105 மைல் வேகத்தில் பந்து போட்டார் என்று அந்த வருஷம் செய்தி வந்தது.

2023 டிசம்பரில் அதே சேலை பாஸ்டன் அட்லாண்டா பிரேவ்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வந்தது வான் கிரிஸம் என்ற 22 வயதுப் பையன் ஒருவர் மட்டும். அதுமட்டும் இல்லை, "இவரைக் கூட்டிட்டுப் போங்க" என்று பாஸ்டன் 17 மில்லியன் டாலர் பணமும் சேர்த்துக் கொடுத்தது. அடுத்த சீசனில் சேல் என்ன செய்தார் தெரியுமா? 18 வெற்றி, 3 தோல்வி, 225 ஸ்ட்ரைக்அவுட். சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாழ்க்கையில் முதல் தடவையா வாங்கினார், 35 வயசில்.

அப்போ எந்த விலை சரி? இரண்டுமே ஓரளவு சரி என்பதுதான் என் பதில். ஏன்னு பார்ப்போம்.

விற்பது ஆளை அல்ல, காலத்தை

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகிய நமக்கு முதலில் இது கொஞ்சம் குழப்பும். ஐபிஎல்லில் பெரும்பாலும் பணத்தைக் கொட்டி ஆளை எடுக்கிறோம். அமெரிக்க பேஸ்பால் ட்ரேடில் ஆளுக்கு ஆள்தான் மாற்று. வாங்குகிற அணிக்கு ஆட்டக்காரரோடு சேர்ந்து அவருடைய ஒப்பந்தமும் அப்படியே வரும். மிச்சம் எத்தனை வருஷம், எவ்வளவு சம்பளம், எல்லாமே.

மேஜர் லீக்கில் ஒருத்தர் நுழைந்தால் முதல் ஆறு வருஷச் சேவை வரை அவர் அணியின் கட்டுப்பாட்டில்தான் இருப்பார். பெரும்பாலானவர்களுக்கு முதல் மூணு வருஷம் குறைந்தபட்சச் சம்பளம்தான், அல்லது அதையொட்டி. 2024-இல் அது 7,40,000 டாலர். அடுத்த மூணு வருஷம் நடுவர் முன்னால் பேசித் தீர்க்கிற சம்பளம். வருஷா வருஷம் ஏறும். அதுக்கப்புறம்தான் ஃப்ரீ ஏஜென்ட். யாரிடம் வேண்டுமானாலும் போகலாம், சந்தை விலை கேட்கலாம். ஒரு அணி நடுவில் நீண்ட ஒப்பந்தம் போட்டால் இந்தக் கணக்கு மாறும்.

ஆக, ட்ரேட் மேஜையில் விலை பேசப்படுவது "இவர் எவ்வளவு நல்லவர்" என்பதற்கு மட்டும் இல்லை. "சந்தை விலையைவிடக் குறைவாக இவரை இன்னும் எத்தனை காலம் வைத்திருக்கலாம்" என்பதற்கு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. இந்த பிட்சருக்குப் பதிலா மைனர் லீக்கிலிருந்து ஒரு சாதாரண ஆளைக் கூட்டி வந்து நிறுத்தினால், வருஷத்துக்கு எத்தனை வெற்றி குறையும்? அந்த எண்ணிக்கையை 'வார்' என்கிறார்கள். அப்படி ஒரு வெற்றியைச் சந்தையில் வாங்க, கணக்குக்காக 8 மில்லியன் டாலர் என்று வைத்துக்கொள்வோம். இது உத்தேசம்தான், எல்லா அணிக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு.

2016-இல் சேல். வருஷத்துக்கு 5 வெற்றி என்று வைப்போம். ஒப்பந்தத்தில் மூணு வருஷம் மிச்சம். 15 வெற்றி, 120 மில்லியன் மதிப்பு. அந்த மூணு வருஷத்துக்கும் சேர்த்துச் சம்பளம் ஏறத்தாழ 38 மில்லியன். மிச்சம் 82 மில்லியன் லாபம். இந்த 82-ஐத்தான் சிகாகோ விற்றது. மோன்காடா, கோபெக் என்று பெரிய பெயர்கள் வந்ததற்குக் காரணம் இதுதான்.

இப்போ 2024 பிப்ரவரிக்கு வருவோம். மில்வாக்கி ப்ரூவர்ஸ், 2021-இல் சை யங் வாங்கிய கார்பின் பர்ன்ஸை பால்டிமோர் ஓரியோல்ஸுக்குக் கொடுத்தது. பர்ன்ஸும் முதல்தரம். ஆனா மிச்சம் ஒரே வருஷம், சம்பளம் 15 மில்லியனுக்கு மேல். 4 வெற்றி என்றால் 32 மில்லியன். லாபம் 16 மில்லியன் சுற்று. கிடைத்தது என்ன? ஜோயி ஓர்டிஸ், டி.எல். ஹால் என்று இரண்டு இளைஞர்கள், கூட ட்ராஃப்டில் 34-வது இடம். "இவ்வளவு பெரிய ஆளுக்கு இவ்வளவுதானா?" என்று ரசிகர்கள் கேட்டார்கள். ஆளு பெரிய ஆளுதான், காலம்தான் சின்னது.

2023 இறுதியில் சேல். மிச்சம் ஒரு வருஷம், சம்பளம் 27.5 மில்லியன். அவரிடம் 2 வெற்றிதான் எதிர்பார்க்கலாம் என்றால் 16 மில்லியன். அதாவது கணக்கு மைனஸில். அதான் பாஸ்டன் 17 மில்லியனைத் தூக்கிக் கொடுத்தது. அட்லாண்டாவின் பங்கு 10.5 ஆகக் குறைந்ததும் அதே ஆள் திரும்ப லாபக் கணக்குக்கு வந்துவிட்டார்.

முழங்கையில் இருக்கிற கேள்விக்குறி

சரி, 5 வெற்றி எதிர்பார்த்த ஆளிடம் ஏன் 2 மட்டும் எதிர்பார்த்தார்கள்? இங்கேதான் பிட்சர் மற்ற ஆட்டக்காரர்களிலிருந்து வேறுபடுகிறார்.

சேலுக்கு 2020 மார்ச்சில் முழங்கைத் தசைநார் அறுவை சிகிச்சை நடந்தது. டாமி ஜான் சிகிச்சை என்பார்கள். திரும்பி வரப் பொதுவாக ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். 2020-இல் அவர் ஆடவே இல்லை. 2021-இல் 9 ஆட்டம் தொடங்கினார். 2022-இல் விலா எலும்பு, விரல், மணிக்கட்டு என்று வரிசையாக முறிவு, 2 ஆட்டம்தான். 2023-இல் 20. நாலு சீசனில் மொத்தம் 31. உடம்பு நல்லா இருக்கிற பிட்சர் ஒரே சீசனில் தொடங்குகிற எண்ணிக்கை அது.

இதில் வேதனை என்னன்னா, இந்தக் காயத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, 2019 மார்ச்சில்தான், பாஸ்டன் அவரோடு 5 வருஷம், 145 மில்லியனுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தது. பர்ன்ஸ் கதையும் அப்படித்தான். ஒரு வருஷம் பால்டிமோரில் ஆடிவிட்டு அரிசோனாவோடு 6 வருஷம், 210 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டார். 2025 ஜூனில் அவருக்கும் அதே சிகிச்சை.

அதனால் பிட்சரை வாங்குகிறவர் வருஷங்களை நேராகக் கூட்டிப் பார்க்க மாட்டார். முதல் வருஷத்தை முழுசா நம்பலாம், மூணாவது வருஷத்தை அவ்வளவு நம்ப முடியாது என்று தள்ளுபடி போடுவார். விற்கிறவருக்கும் இதே பயம்தான். காத்திருந்தால் காலமும் குறையும், கையும் போகலாம்.

வாங்குகிறவர் எங்கே நிற்கிறார்?

ஒரு வெற்றி எல்லோருக்கும் ஒரே விலை இல்லை. 70 வெற்றி எடுக்கிற அணிக்கு இன்னும் 5 கிடைத்தால் 75. அவ்வளவுதான், வீட்டுக்குப் போகலாம். 87-இல் நிற்கிற அணிக்கு அதே 5 ப்ளே-ஆஃப் வாசலைத் திறக்கும்.

2008 ஜூலையில் மில்வாக்கி, கிளீவ்லாந்திலிருந்து சி.சி. சபாத்தியாவை வாங்கியது. சீசனில் பாதிதான் மிச்சம், அதுக்கப்புறம் அவர் போய்விடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். வந்தவர் 11 வெற்றி, 2 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 1.65 ரன். மில்வாக்கி 90 வெற்றி, நியூயார்க் மெட்ஸ் 89. அந்த ஒரே ஒரு வெற்றி வித்தியாசத்தில் 1982-க்குப் பிறகு முதல் தடவையா ப்ளே-ஆஃப் போனார்கள். கிளீவ்லாந்துக்கு வந்தவர்களில் மைக்கேல் பிராண்ட்லி பிற்பாடு ஆல்-ஸ்டார் ஆனார். இரண்டு ஊருக்கும் நஷ்டம் இல்லை.

விற்றவருக்கு என்ன ஆச்சு?

பாஸ்டன் பக்கம் சுலபம். 2018 வேர்ல்ட் சீரிஸின் கடைசி ஸ்ட்ரைக்அவுட்டைப் போட்டதே சேல்தான். கோப்பை வந்துவிட்டது.

சிகாகோவில்? மோன்காடா 2019-இல் அருமையா ஆடினார்; .315 சராசரி, 25 ஹோம் ரன். அந்த உயரத்தில் நீடிக்கவில்லை. 105 மைல் கோபெக்குக்கு 2018-இல் டாமி ஜான். மற்ற இருவரும் மேஜர் லீக்கில் ஒயிட் சாக்ஸுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அணி 2020, 2021-இல் ப்ளே-ஆஃப் போய் முதல் சுற்றிலேயே வெளியேறியது. 2024-இல் 121 தோல்வி. அந்தக் குளிர்காலத்தில் மறுபடியும் ஒரு நட்சத்திர இடது கை பிட்சரை, காரெட் க்ரோஷேவை, மறுபடியும் பாஸ்டனுக்கே, மறுபடியும் நாலு இளைஞர்களுக்கு விற்றார்கள்.

இதனால் 2016 ட்ரேட் தப்புன்னு சொல்ல மாட்டேன். வாங்கிய விலை நியாயமான விலை. ஆனா இளைஞர்கள் என்பது நிகழ்தகவு. சேல் என்பது கையில் இருக்கிற ஆள். அந்த வித்தியாசத்தை எட்டு வருஷமா சுமந்தது ஸ்டேடியத்தில் உட்கார்ந்திருந்த ரசிகர்கள்தான்.

அடுத்த வதந்தி வரும்போது

2025 இறுதியில் டெட்ராய்ட் டைகர்ஸின் தாரிக் ஸ்கூபலைச் சுற்றி இதே பேச்சு வந்தது. அடுத்தடுத்து இரண்டு சை யங். 2026 முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட். நாலு கேள்வி கேளுங்க: காலம் எவ்வளவு? ஒரு வருஷம். சம்பளம்? நடுவர் முறையின் கடைசி வருஷம் என்பதால் ஏறியிருக்கும். கை? ஏற்கெனவே இரண்டு அறுவை சிகிச்சை பார்த்த கை. வாங்குகிறவர் யார்? கோப்பைக்குப் பக்கத்தில் இருக்கிறவர்தான்.

ஐந்தாவதா ஒன்று சேர்ப்பேன்: விற்கிறவர் எங்கே நிற்கிறார்? டெட்ராய்ட்டே 2024, 2025 இரண்டிலும் ப்ளே-ஆஃப் ஆடிய அணி. 2025 இரண்டாவது சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் ஸ்கூபல் 6 இன்னிங்ஸில் 13 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தும், 15 இன்னிங்ஸ் போன ஆட்டத்தை சியாட்டிலிடம் இழந்தார்கள். அப்படிப்பட்ட அணி அவரை விற்றால், அதே வருஷத்தின் வாய்ப்பையும் சேர்த்தே விற்கிறது. மற்ற அணிகள் தருகிற இளைஞர்கள் பட்டியலில் அந்த இழப்புக்குத் தனி வரி இருக்காது. அதை டெட்ராய்ட்தான் தன் கணக்கில் எழுதிக்கணும்.

அடுத்த தடவை "இவருக்கு இவ்வளவுதானா?" என்று தோன்றினால், முதலில் ஒப்பந்தத்தின் கடைசித் தேதியைப் பாருங்க. பாதி பதில் அங்கேயே இருக்கும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.