கடலுக்கும் விடுமுறை வேண்டும்

ஜொகூரில் கடலே இல்லாத மாவட்டங்களில் குளுவாங்கும் ஒன்று. எந்தப் பக்கம் போனாலும் செம்பனைதான். அதனாலோ என்னவோ, இந்த ஊர்க்காரர்களுக்குக் கடல் என்றால் தீராத ஆசை. தோட்டத்து லயன்களில் வளர்ந்த தலைமுறையைக் கேட்டுப் பாருங்கள். பள்ளி விடுமுறையில் புளிச்சாதமும் கோழிப் பிரட்டலும் கட்டிக்கொண்டு, பஸ் பிடித்து மெர்சிங் போன கதை ஒன்றாவது வரும். அவர்களுடைய பிள்ளைகள் இன்று சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் சம்பாதிக்கிறார்கள். விடுமுறைக்கு ஸ்பெயின் வரை போய், வெள்ளைச் சுவரும் நீலக் கடலுமாகப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். ‘ஓய்வுபெற்ற பிறகு இப்படி ஓர் இடத்தில் இருக்க வேண்டும்’ என்று பெரியவர்களும் பெருமூச்சு விடுகிறார்கள்.

நியாயமான ஆசைதான். மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் 90 நாள் வரை விசா இல்லாமல் அங்கே சுற்றி வரலாம். ஆண்டுக்கு 300 நாள் வெயில் என்று சொல்லித்தான் கோஸ்டா டெல் சோல் கரையை விற்கிறார்கள். குளிர் தாங்காத ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் பல பத்தாண்டுகளாக அங்கே வீடு வாங்கிக் குடியேறியிருக்கிறார்கள். ஆனால் ஸ்பெயினின் கடற்கரை இப்போது என்ன பாடு படுகிறது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே அதற்கு ஈடான ஒரு கடல் இருக்கிறது. அதை என்ன செய்யப்போகிறோம் என்பது இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.

ஸ்பெயினின் பெனிடோர்ம் ஒரு காலத்தில் மீனவர் ஊர். பேத்ரோ சரகோசா என்ற மேயர் 1956இல் ஒரு நகரத் திட்டம் கொண்டுவந்தார். கடற்கரையை ஒட்டி அகலமான சாலைகளும் மாடிக் கட்டடங்களும் எழும்பின. இன்று அங்கே வானளாவிய கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. வேலையும் காசும் வந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் 2024இல் ஏறத்தாழ 9.4 கோடி வெளிநாட்டுப் பயணிகள் ஸ்பெயினுக்குப் போனார்கள். அந்த நாட்டின் மக்கள்தொகையே ஐந்து கோடியை எட்டவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் ஸ்பெயினின் கேனரி தீவுகளில் பல்லாயிரம் பேர் தெருவில் இறங்கினார்கள். சுற்றுலா வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. எங்கள் தீவுக்கும் ஓர் எல்லை உண்டு என்றார்கள். வீடுகளெல்லாம் பயணிகளுக்கு நாள் வாடகைக்குப் போய்விட்டால், ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவர் எங்கே குடியிருப்பார்? வீடு வாங்கும் பணக்கார வெளிநாட்டவருக்குக் குடியிருப்பு உரிமை தந்த ‘கோல்டன் விசா’ திட்டத்தையும் ஸ்பெயின் 2025 ஏப்ரலில் நிறுத்திவிட்டது.

என்னை அதிகம் கலக்கியது மார் மெனோர் கதைதான். முர்சியா பகுதியில் உள்ள உப்புநீர்க் காயல் அது. ஒரு பக்கம் மணல்திட்டு முழுக்க அடுக்குமாடி வீடுகள். மறுபக்கம் வயல்களிலிருந்து வழிந்து வரும் உரத்தண்ணீர். 2016இல் தண்ணீர் பச்சைக் குழம்பாக மாறியது. வெளிச்சம் அடியை எட்டாததால் கடற்புல் பெரும்பாலும் அழிந்தது. 2019 அக்டோபரில் மூச்சு முட்டிய மீன்கள் கூட்டம் கூட்டமாகக் கரையொதுங்கிச் செத்தன. பிறகுதான் மக்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்துத் திரட்டினார்கள். 2022இல் அந்தக் காயலுக்கே சட்டப்படி ஓர் ஆளுக்குரிய உரிமை கிடைத்தது. ஐரோப்பாவில் அதுதான் முதல் முறை. உரிமை கிடைத்தது சரி, போன கடற்புல் அவ்வளவு சீக்கிரம் திரும்பி வருமா?

இனி நம் கடலுக்கு வருவோம். குளுவாங்கிலிருந்து 50ஆம் எண் கூட்டரசுச் சாலையில் கிழக்கே போனால், காஹாங் தாண்டி ஜெமாலுவாங். அங்கே இடப்பக்கம் திரும்பினால் மெர்சிங். மொத்தம் 90 கிலோமீட்டர் அளவுதான். வழியில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கும். யானை கடக்கும் இடம் என்று எச்சரிக்கும் பலகைகள் சும்மா வைத்தவை அல்ல. இருட்டிய பிறகு அந்தச் சாலையில் வேகம் கூடவே கூடாது. ஜெமாலுவாங் அருகே ஒரு தோட்டத்தில்தான் 1942 ஜனவரி இறுதியில் ஆஸ்திரேலியப் படை ஜப்பானியரை இரவில் பதுங்கித் தாக்கியது. இன்று அதைக் கவனிக்காமலே கடந்துபோகிறோம்.

மெர்சிங் படகுத்துறையில் அரை மணி நேரம் சும்மா நின்று பாருங்கள். ஆற்றுமுகம் ஆழமில்லாதது. நீர் வற்றினால் பெரிய படகு வெளியே போக முடியாது. அதனால் படகு நேரம் நாளுக்கு நாள் மாறும். கடிகாரம் இங்கே கடலுக்குக் கட்டுப்பட்டது. தீவுக்குப் போகும் படகில் பயணிகளுக்கு முன்பே முட்டைத் தட்டும் கேஸ் சிலிண்டரும் ஐஸ் பெட்டியும் ஏறிவிடும். தீவில் தங்கி ஒரு தட்டு நாசி கோரெங் கேட்கிறோமே, அதன் அரிசியும் முட்டையும் இப்படித்தான் கடல் கடக்கின்றன. நாம் விட்டுவரும் குப்பையும் இதே வழியாகத் திரும்பி வர வேண்டும், இல்லையென்றால் அங்கேயே கிடக்கும்.

தியோமான் தீவு பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது என்றாலும் அதற்கு வாசல் மெர்சிங்தான். ஜொகூர் பக்கம் பெசார், தெங்கா, ரவா, திங்கி, சிபு என்று தீவுகள் வரிசையாக இருக்கின்றன. வியட்நாமிலிருந்து உயிர் தப்பிப் படகில் வந்த அகதிகளுக்கு ஒரு காலத்தில் முகாமாக இருந்த தெங்கா தீவில் இன்று ஆமை முட்டைகளைப் பாதுகாக்கிறார்கள். சிபு, திங்கி தீவுகளைச் சுற்றி அடியில் கடற்புல் வெளி பரந்திருக்கிறது. அதை மேய வருவதுதான் கடல்பசு. ராமநாதபுரம் பக்கத்து மீனவர்கள் ஆவுளியா என்பார்களே, அதேதான். அதைக் காக்கத் தமிழ்நாடு அரசு 2022இல் பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது. மார் மெனோரில் அழிந்தது போன்ற கடற்புல், நமக்கு இரண்டு மணி நேரத் தொலைவில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இந்தக் கரைக்கு 300 நாள் வெயில் கிடையாது. நவம்பர் பிறந்தால் வடகிழக்குப் பருவக்காற்று வந்துவிடும். அலை எழும், படகுகள் குறையும், தீவு விடுதிகள் பல பிப்ரவரி வரை கதவடைக்கும். சுற்றுலாக்காரர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். நான் இதை வரமாகவே பார்க்கிறேன். அந்த மாதங்களில் பவளப்பாறையை யாரும் மிதிப்பதில்லை, நங்கூரம் எதுவும் விழுவதில்லை, கரை ஆளில்லாமல் மூச்சு விடுகிறது. ஸ்பெயினின் வெயில் கரைகளுக்கு இப்படி ஓர் ஓய்வு வாய்க்கவில்லை.

ஆனால் அந்த ஓய்வுக்கு விலை கொடுப்பவர்கள் மெர்சிங் மக்கள். படகோட்டிக்கு வருமானம் நிற்கிறது. மீனவருக்குக் கடலுக்குப் போகும் நாள் குறைகிறது. வெயில் இல்லாமல் கெரோப்போக் காயாது. எந்தக் காலத்திலும் கூட்டம் வரும்படி பெரிய கட்டடங்கள் வேண்டும் என்று சொல்பவர்கள் இந்தக் கஷ்டத்தைத்தான் காரணம் காட்டுவார்கள். அவர்களுக்குப் பதில், இருக்கும் எட்டு மாதத்தில் நாம் செலவழிக்கும் காசு அந்த ஊர்க்காரர் கைக்குப் போய்ச் சேர்வதுதான். வெளியூர் முதலாளியின் பெரிய விடுதியைவிட, கிராமத்துக்காரர் நடத்தும் சிறு விடுதிக்கே என் ஓட்டு.

ஆகவே குளுவாங் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்பெயினுக்குப் போகிறவர்கள் போய்வாருங்கள். ஆனால் அதற்கு முன் ஏப்ரலிலிருந்து அக்டோபருக்குள் ஒரு முறை, முடிந்தால் வார நாளில், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மெர்சிங் போங்கள். படகில் உயிர்காப்பு அங்கியைக் கழற்றாதீர்கள். பவளத்தின் மேல் நிற்காதீர்கள், மீனுக்கு ரொட்டி போடாதீர்கள். கெரோப்போக்கை ஊர்க்காரர் கடையிலேயே வாங்குங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக் பையையும் போத்தலையும் திரும்ப வீட்டுக்கே எடுத்து வாருங்கள்.